ஸ்கேன் நார்மல் என்றால் வலி பொய்யா?

"ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் ஆகியும் வலிக்கிறதா? ஸ்கேன் நார்மலா? அப்படியென்றால் அது வெறும் மனப்பிரமை." இப்படி ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. இது தவறு.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டு நூலின் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் மூன்று மாதத்தைத் தாண்டி நீடிக்கும் வலிக்கு அதில் தனி இடமே இருக்கிறது.

சரி, ஸ்கேனில் ஏன் தெரிவதில்லை? நுரையீரல் அறுவைக்காக விலா எலும்புகளை விரிக்கும்போது, அவற்றின் கீழ் விளிம்பை ஒட்டி ஓடும் நரம்புகள் நசுங்கலாம். மார்பக அறுவையில் அக்குளுக்குப் போகும் நரம்பும், குடலிறக்க அறுவையில் தொடை இடுக்கு நரம்பும் பாதிக்கப்படலாம். இந்தச் சின்னக் காயங்கள் பெரும்பாலும் படத்தில் பதியாது. தோல் ஆறிவிடும், நரம்பு மட்டும் வலிச் செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கும். சட்டை உரசினாலே எரிகிறது என்று சிலர் சொல்வது நடிப்பல்ல.

கவலையும் தூக்கமின்மையும் வலியைக் கூட்டும், உண்மைதான். அதனால் வலி கற்பனை ஆகிவிடாது. அமிட்ரிப்டிலின் மாத்திரையைப் பார்த்ததும் "மனநோய் மருந்துதானே" என்று வீட்டில் முணுமுணுப்பார்கள். மனச்சோர்வுக்கான அதே மருந்தைக் குறைந்த அளவில் நரம்பு வலிக்கும் கொடுப்பது வழக்கம்.

அப்புறம், எல்லா வலியையும் நரம்பின் மேல் போட்டுவிடவும் கூடாது. காய்ச்சல், சீழ், புதிய வீக்கம் இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். அதெல்லாம் இல்லாமல் வலி நீடித்தால், வலி சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையில் கேளுங்கள்.