வாய் சொன்னால் மட்டும் போதுமா?
"தினமும் வசனத்தைச் சத்தமாக அறிக்கையிட்டால் விசுவாசம் தானாக வளரும்" என்று, பைபிள் வசனங்களை வாய்விட்டுச் சொல்வது (அறிக்கையிடுவது) பற்றிய ஒரு கட்டுரை சொல்கிறது. அந்த "தானாக" என்ற சொல்தான் எனக்கு இடிக்கிறது. பைபிளில் மத்தேயு 4-ம் அதிகாரத்தில் பிசாசுகூட 91-ம் சங்கீதத்தை (சங்கீதம் என்பது பைபிளில் உள்ள ஜெபப் பாடல்) வாய்விட்டுச் சொல்கிறான், அதனால் அவனுக்கு விசுவாசம் வந்ததா என்ன? அதற்காக, மனதுக்குள் வாசித்தாலே போதும் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் சொல்வதையும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. யோசுவா 1:8-ல் "தியானி" என்று நாம் வாசிக்கும் இடத்தில் எபிரெயத்தில் உள்ள 'ஹாகா' என்ற சொல்லுக்கு முணுமுணுப்பது என்றும் பொருள் உண்டு. ஏசாயா 31:4-ல் இரையின் மேல் நின்று உறுமும் சிங்கத்துக்கும் அதே சொல்தான். அப்போஸ்தலர் 8-ல் எத்தியோப்பிய மந்திரி வேதத்தை வாசித்தது, நற்செய்தி சொல்லப் போன பிலிப்புவின் காதில் விழுந்ததே, அவர் சத்தமாக வாசித்ததால்தானே? ஆனால் அங்கேயும் வாசித்ததோடு காரியம் முடியவில்லை, "வாசிக்கிறது புரிகிறதா" என்று கேட்க ஒருவர் வேண்டியிருந்தது. என் அனுபவம் ஒன்று. அப்பா இறந்த பிறகு, வாக்குத்தத்த வசனங்களை, அதாவது கடவுள் தரும் வாக்குறுதிகளைச் சொல்லும் வசனங்களை மட்டும் பொறுக்கியெடுத்துச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நாக்கு பழகியது, உள்ளே ஒன்றும் அசையவில்லை. அப்புறம் ஒரு ராத்திரி 13-ம் சங்கீதத்தை வாய்விட்டு வாசித்தேன். முதல் இரண்டு வசனங்களிலேயே "எதுவரைக்கும்" என்று நான்கு முறை வரும். மூன்றாவது "எதுவரைக்கும்" வந்தபோதே குரல் உடைந்துவிட்டது. கண்ணால் எத்தனையோ தடவை தாண்டிப்போன வரிதான். நான் ஜெபிக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான்.