கிரகணமும் செரிமானப் பொடியும்

தம்பி மனைவிக்கு இது ஆறாம் மாதம். கிரகணத்தன்று அம்மா அவளை அறையை விட்டு வெளியே விடவில்லை. ஜன்னலுக்குக்கூடத் துணி கட்டினார். சரி, பெரியவர்கள் திருப்திக்குப் போகட்டும் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். மறுநாள் அவள் "வயிறு உப்புசமா இருக்கு அத்தை" என்றதும், அதே அம்மா அலமாரியிலிருந்து சின்ன டப்பா ஒன்றை எடுத்து, பழுப்புப் பொடியை விரலால் தொட்டு அவள் நாக்கில் தடவினார். ரங்கூன் தெய்ன்ஜீ சந்தையில் வாங்கியது. உள்ளே என்ன இருக்கிறது என்று டப்பாவில் ஒரு எழுத்து இல்லை.

நான் பதறியதற்குக் காரணம் உண்டு. 2009-ல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் குடியேறியிருந்த பர்மிய அகதிக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் அதிகமாக இருந்தது. தேடிப்போனவர்கள் கையில் சிக்கியது இதேபோல ஒரு செரிமானப் பொடி. அதில் ஈயமும் ஆர்சனிக்கும் இருந்தன. எல்லாப் பொடியும் விஷம் என்று சொல்ல வரவில்லை. எது விஷம் என்று நாக்கில் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, அவ்வளவுதான்.

உடம்புக்கு ஈயத்தையும் கால்சியத்தையும் சரியாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஈயமும் எலும்பில் போய் உட்கார்ந்து வருஷக்கணக்கில் கிடக்கும். வயிற்றுப் பிள்ளைக்குக் கால்சியம் கொடுக்கத் தாயின் எலும்பு கரையும்போது, அவள் சிறுமியாக இருந்தபோது ஏறிய ஈயமும் சேர்ந்து இறங்கும். அதனால்தான் கர்ப்பிணியிடம் மட்டும் "பார்த்து இரு" என்பது எனக்குப் பிடிப்பதில்லை. பாதி, அவள் கல்யாணத்துக்கு முன்பே ஏறியது.

தாயின் உடம்பில் உள்ள விஷம் பிள்ளைக்குப் போகாமல் நஞ்சுக்கொடி தடுத்துவிடும் என்று டாக்டர்களே ஒரு காலத்தில் நம்பினார்கள். 1956-ல் ஜப்பானின் மினமாட்டாவில் வெளிச்சத்துக்கு வந்த பாதரச நோய் அந்த நம்பிக்கையை உடைத்தது. தங்களுக்குப் பெரிதாக நோய் ஒன்றும் தெரியாத தாய்மார்களுக்குக் கை கால் முடங்கிய பிள்ளைகள் பிறந்தன. (அதற்கு 'நஞ்சு'க்கொடி என்று பேர் வைத்தவருக்கு ஏதோ தெரிந்திருக்குமோ என்னவோ.)

அம்மாவிடம் சொன்னேன். "ஏன், நாங்கல்லாம் சாப்பிடலையா? நீங்க நாலு பேரும் நல்லாத்தானே இருக்கீங்க?"

இங்கேதான் மாட்டிக்கொள்கிறேன். ஈயம் பெரும்பாலும் மினமாட்டா மாதிரி வெளியே காட்டாது. புத்தியில் சில புள்ளிகள் குறையும், பிள்ளை ஒரு இடத்தில் உட்காராது. நாம் அதை மந்தம் என்போம், வால் என்போம், அடிப்போம். எங்கள் கடைசித் தம்பி வாய்ப்பாட்டுக்கு வாங்கிய அடி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அது பொடியாலா, ஈயம் கலந்த பழைய பெயிண்டாலா, வேறெதனாலா, யார் கண்டது.

டப்பா இப்போது என் கைப்பையில் இருக்கிறது. அம்மா மூன்று நாளாகத் தேடுகிறார். தம்பி மனைவிக்கு மட்டும் தெரியும்.