கிராஃபீன் தூவினால் சாயக்கழிவு குடிநீர் ஆகாது

"சாயக்கழிவில் கிராஃபீன் பொடியைத் தூவி வெயிலில் வைத்தால் குடிக்கலாம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு, தயவுசெய்து யாரும் குடித்துவிடாதீர்கள். ஒளி பட்டதும் சாயத்தை உடைக்கும் பொருளான ஒளிவினையூக்கிக்கு, ஒளியை உறிஞ்சிய எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி தேவை. ஓர் அணு தடிமனுள்ள கார்பன் தாளான தூய கிராஃபீனுக்கு அது கிடையாது, டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற ஒளிவினையூக்கிகளோடு சேர்ந்து எலக்ட்ரானைக் கடத்தி உதவும், அவ்வளவுதான்.

கார்பனும் நைட்ரஜனும் சேர்ந்த வேறொரு பொருளான கிராஃபைட்டிக் கார்பன் நைட்ரைடுக்குச் சுமார் 2.7 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி உண்டு, நீல ஒளியிலேயே வேலை செய்யும், சரி. ஆனால் அதிலும் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தின் நிறம் மறைந்துவிட்டால் தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்று அர்த்தமில்லை, ஏனென்றால் சாயம் பொடியின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது பாதி உடைந்து நிறமில்லாத வேறு பொருளாக அந்த நீரிலேயே கிடக்கலாம். நீரில் மிச்சமுள்ள கரிமப் பொருளின் அளவைக் காட்டும் மொத்தக் கரிமக் கார்பன் குறைந்ததா என்று அளந்து பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது. அப்புறம், கரைந்த உப்பும் ஈயமும் எத்தனை வெயில் பட்டாலும் அழியாது.