பார்க்க ஒன்னுமில்லையாம்

முந்தாநாள் பள்ளிப் பெற்றோர் குரூப்பில் நடந்ததைப் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். அஞ்சாங்கிளாஸ் பிள்ளைகளை நம்ம கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரம் பாரஸ்ட் காலேஜுக்குள் இருக்கிற காஸ் வன அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போவதாக இருந்த டூர், ஒரே ராத்திரியில் தண்ணீர் விளையாட்டுப் பூங்காவுக்கு மாறிவிட்டது. "அங்க பார்க்க ஒன்னுமே இல்லீங்க" என்று ஒருத்தர் ஆரம்பித்தார். பின்னாலேயே வரிசையாகக் கட்டைவிரல்கள். "வேண்டாம், மாத்தாதீங்க" என்று நான் நாலு வரி எழுதினேன். அதற்குச் சிரிப்பு பொம்மை போட்டார்கள். சரி, அங்கே பேச விடாததை இங்கே பேசிவிடுகிறேன்.

பார்க்க ஒன்னுமில்லை என்று சொன்னவர் கடைசியாக எப்போது உள்ளே போனார்? அதை மட்டும்தான் கேட்கிறேன். 1902-ல் காஸ் என்ற வன அதிகாரி தொடங்கிய இடம் அது. இப்போதிருக்கும் கட்டடத்துக்கு 1915-ல் வந்தது. நூறு வருஷத்துக்கும் மேலாக இந்த ஊரில் நிற்கிறது. நாம் கௌலி பிரவுன் ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு அதைத் தாண்டிப் போகிறோம்.

நான் நாலாவது படிக்கும்போது அப்புச்சி, அதாவது அம்மாவோட அப்பா, என்னை அங்கே கூட்டிப்போனார். சா மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்த மனுஷன். வலது கையில் சுண்டுவிரல் பாதிதான் இருக்கும், மீதி ரம்பத்துக்குப் போய்விட்டது. உள்ளே மரத்துண்டுகள் வரிசையாக இருக்கும். பக்கத்தில் எழுதியிருப்பதை நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் அப்புச்சி சொல்லிவிடுவார். "இது வேங்கை கண்ணு. இது ஈட்டி. இது மருது, ஆணி லேசுல எறங்காது." அவருக்குக் கையெழுத்து போட மட்டும்தான் தெரியும்.

அப்புறம் ஒரு பெரிய மரத்தின் குறுக்குவெட்டு. அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டார். தொடாமல், அந்தப் பாதி விரலை வளையங்களுக்கு மேலேயே மெதுவாக நகர்த்தினார். "இந்த வளையம் அகலமா இருக்குது பாரு, அந்த வருசம் நல்ல மழை. இங்க பாரு, நூல் நூலா நெருங்கிப் போச்சு. மரம் பட்டினி கெடந்திருக்குது சாமி." எத்தனை நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார் என்று தெரியவில்லை. மில்லில் அவர் எத்தனை மரத்தை அறுத்திருப்பார், ஒன்றையாவது இப்படி உட்கார்ந்து பார்க்க நேரம் கிடைத்திருக்குமா என்று இப்போது நினைக்கிறேன். அங்கே பார்க்க ஒன்னுமில்லையாம்.

பிள்ளைகள் ஜாலியாக இருக்கட்டுமே என்கிறீர்கள். இருக்கட்டும். தண்ணீரில் ஆட்டம் போட லீவு நாளில் நீங்களே கூட்டிப்போகலாம், பாதிப் பேர் வருஷத்துக்கு ரெண்டு தடவை போய்த்தான் வருகிறீர்கள். வாத்தியாரோடு, நாற்பது கூட்டாளிகளோடு மியூசியம் போக எத்தனை நாள் கிடைக்கும்?

இன்னொருத்தர், "செத்த மிருகத்தைப் பாடம் பண்ணி வச்சிருக்காங்க, கொழந்தைக பயந்துக்கும்" என்றார். வெள்ளைக்காரன் காலத்தில் சுட்டுத் தள்ளியதைக் கொண்டாடச் சொல்கிறாயா என்றும் ஒரு கேள்வி. இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. அந்தக் காட்டுமாட்டின் கண்ணாடிக் கண்ணைப் பார்த்தால் எனக்கும் மனசு கஷ்டப்படும். ஆனால் பிள்ளைகளிடம் பேச வேண்டியதே அதைத்தானே! ஆனைமலைக் காட்டில் இருக்கிற டாப்சிலிப்புக்குப் போய் போட்டோ எடுத்துப் போடுகிறோம். தேக்குக் கட்டைகளை மலை உச்சியிலிருந்து கீழே சரித்து விட்டதால்தான் அந்தப் பெயரே வந்தது. ஆனைமலைத் தேக்கு கப்பலுக்கும் ரயிலுக்கும் போய் மலை மொட்டையான பிறகு, ஹியூகோ வுட் மாதிரி வன அதிகாரிகள் திரும்பத் தேக்கை நட்டு வளர்த்தார்கள். வெட்டியவர்களும் வெள்ளைக்காரர்கள்தான், வளர்க்கப் படித்தவர்களும் அவர்கள்தான். அந்தக் கதையை மரத்தையும் எலும்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்ல நம்ம ஊரில் வேறு எந்த இடம் இருக்கிறது?

தூசி, வெளிச்சம் பத்தாது என்றும் சொன்னார்கள். அதற்குப் பதில் சொல்லப் போவதில்லை. யாரும் போகாத வீட்டில் தூசி படியத்தான் செய்யும்.

கட்டடத்தை விடுங்கள், வெளியே வந்து அந்த வளாகத்தில் நடந்தாலே போதும். வெயில் கொளுத்தும் மத்தியானத்திலும் மரத்தடி ஜில்லென்று இருக்கும். அங்கேதான் அப்புச்சி சந்தன மரத்தைப் பற்றிச் சொன்னார். அதைத் தனியாக நட்டால் தேறாது, பக்கத்து மரத்தின் வேரில் வேரைக் கோத்து அதனிடமிருந்து வாங்கித்தான் வளரும் என்று. எனக்கு அப்போது ஒன்பது வயசு. இன்றைக்கும் சந்தனம் குழைக்கும்போதெல்லாம் அது ஞாபகத்துக்கு வரும்.

மேட்டுப்பாளையம் ரோட்டில் எத்தனை மரம் நின்றது, ரோட்டை அகலப்படுத்தும்போது எத்தனை போயிற்று என்று என் வயசுக்காரர்களுக்குத் தெரியும். அந்த நிழலில் பஸ்ஸுக்கு நின்ற எங்களுக்கே அது என்ன மரம், எத்தனை வயசு என்று தெரியாது. தெரியாததால்தான் யாருக்கும் வலிக்கவில்லை. இப்போது பிள்ளைகளையும் அப்படியே வளர்க்கிறோம். அது என்ன மரம் என்று என் மகள் கேட்டால் நான் போனில் தேடுகிறேன். அப்புச்சியின் பேத்தி நான்! குரூப்பில் விழுந்த சிரிப்பு பொம்மைகளைவிட இதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

"உங்களுக்குப் பிடிச்சா நீங்க கூட்டிட்டுப் போங்க" என்று கடைசியாக ஒருத்தர் முடித்து வைத்தார். போகிறேனுங்க. அடுத்த வாரம் திறந்திருக்கிற நாளாகப் பார்த்து என் மகளைக் கூட்டிப்போகிறேன். அவள் கூட்டாளிகள் ரெண்டு பேரின் அம்மாக்கள் குரூப்புக்கு வெளியே தனியாகக் கூப்பிட்டு, எங்க புள்ளையையும் சேர்த்துக்கோங்க என்றார்கள். வண்டியில் இன்னும் ரெண்டு பிள்ளைகளுக்கு இடம் இருக்கிறது.