மகள் வயிற்றுப் பேரன் யார் வீட்டுப் பிள்ளை?

ஞாயிற்றுக்கிழமை நடந்த சோழர் வரலாற்று நேரலையைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அதிலிருந்து வெட்டிய காணொளித் துண்டை ஆளாளுக்கு எனக்கே அனுப்புகிறீர்கள், கூடவே சிரிப்புப் பொம்மைகள். சரி, எழுதிவிடுகிறேன்.

"1070-இல் அதிராஜேந்திரனோடு சோழ வம்சம் முடிந்தது, அப்புறம் வந்தவன் ஆந்திரக்காரன்" என்றார் பேச்சாளர். அப்படி அடுத்து அரியணை ஏறிய குலோத்துங்கனின் தாய் யார் என்று கேட்டேன். "பெண் வழியில் வந்தவனுக்குக் குலம் ஏதும்மா?" என்றார். அந்த 'அம்மா'வில் எவ்வளவு மரியாதை இருந்தது என்பதைக் கேட்டவர்களுக்குத் தெரியும்.

தாய் அம்மங்காதேவி, ராஜேந்திர சோழனின் மகள். தந்தை, ஆந்திரப் பகுதியில் இருந்த வேங்கி நாட்டின் அரசர் ராஜராஜ நரேந்திரன். அவருடைய தாய் குந்தவை, ராஜராஜ சோழனின் மகள், ராஜேந்திரனின் தங்கை. அதாவது நரேந்திரன் கட்டியது தாய்மாமன் மகளை. குலோத்துங்கன் கட்டிய மதுராந்தகியோ இரண்டாம் ராஜேந்திரனின் மகள், அவருக்கும் தாய்மாமன் மகள்தான். அம்மா பக்கம் எண்ணினாலும் அப்பா பக்கம் எண்ணினாலும் கொள்ளுத்தாத்தா ராஜராஜன். தஞ்சைப் பெரிய கோயில் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிற நாம், அதைக் கட்டியவரின் கொள்ளுப்பேரனை அந்நியன் என்கிறோம்!

"அதிராஜேந்திரனைக் கொன்றுவிட்டுத்தானே வந்தான்?" என்பீர்கள். கொன்றது அவர்தான் என்று எங்கே இருக்கிறது? கலகத்தில் அதிராஜேந்திரன் இறந்தார், வேங்கி அரசன் அரியணையைப் பிடித்தான் என்று சொல்பவர் பில்ஹணர். அவர் மேலைச் சாளுக்கிய அரசன் ஆறாம் விக்கிரமாதித்தனின் அரசவைக் கவிஞர். அந்த விக்கிரமாதித்தன் அதிராஜேந்திரனின் சகோதரியைக் கட்டியவர், குலோத்துங்கனுக்குப் பரம எதிரி. பங்காளிச் சண்டையில் ஒரு தரப்பு வக்கீல் சொன்னதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வீர்களா?

கலிங்கத்துப்பரணியில் ஜெயங்கொண்டார், கங்கைகொண்ட சோழனான ராஜேந்திரனின் தேவி இந்தக் குழந்தையைப் பார்த்து, இவன் நமக்கு மகனாகிச் சூரிய குலத்தைத் தாங்கத் தகுந்தவன் என்று மகிழ்ந்ததாகப் பாடுகிறார். ஜெயங்கொண்டாரும் குலோத்துங்கனின் அரசவைப் புலவர்தானே என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம். ஆனாலும் பேரனைக் கையில் வாங்கிய பாட்டி அப்படித்தான் சொல்லியிருப்பாள் என்று நான் நம்புகிறேன். அதற்கு எனக்குக் கல்வெட்டு தேவையில்லை.

கல்வெட்டுதான் வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. சோழர்கள் இராசகேசரி, பரகேசரி என்று மாறி மாறிப் பட்டம் சூடியவர்கள். அதிராஜேந்திரன் பரகேசரி. அடுத்து குலோத்துங்கன் இராசகேசரி. வரிசை பிசகாமல் தன் முறைக்கு வந்து உட்கார்ந்தவர், அரை நூற்றாண்டு ஆண்டவர், சுங்கம் தவிர்த்தவர். இதற்கு மேல் என்ன செய்தால் சோழன் என்று ஒத்துக்கொள்வீர்கள்?

"நேர் வாரிசு இல்லையே" என்பது அடுத்த புலம்பல். சோழர் வரிசை எப்போது ஐயா நேராக இருந்தது? கண்டராதித்தனுக்குப் பின் தம்பி அரிஞ்சயன், பிறகு அவர் மகன் சுந்தர சோழன், பிறகு கண்டராதித்தன் மகன் உத்தம சோழன், 985-இல் மறுபடி சுந்தர சோழன் மகன் ராஜராஜன். 1054-இல் கொப்பத்தில் ராஜாதிராஜன் விழுந்ததும் போர்க்களத்திலேயே முடிசூடியவர் தம்பி. சித்தப்பா, பெரியப்பா மகன், தம்பி என்று எப்படிச் சுற்றி வந்தாலும் வம்சம் தொடருமாம். மகள் வழியாக வந்தால் மட்டும் அறுந்துவிடுமாம்.

உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று ஒரு தம்பி உள்பெட்டியில் கேட்டார். என் அப்பா படுக்கையில் கிடந்த காலமெல்லாம் பார்த்துக்கொண்டது நான். அப்பா போன அன்று கொள்ளிச்சட்டி தூக்க, வருஷக்கணக்கில் வாசல்படி மிதிக்காத ஒரு பங்காளி வீட்டுப் பையனைக் கூப்பிட்டு வந்தார்கள். தாத்தா கையில் சோறு சாப்பிட்டு வளர்ந்த என் மகன் பக்கத்திலேயே நின்றான். "அவன் வேற குலம்மா" என்றார் ஒரு பெரியவர். ஞாயிற்றுக்கிழமை கேட்ட அதே குரல். இதெல்லாம் வரலாற்று வாதம் இல்லை, தெரியும். தாராளமாகத் திட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம் இன்னொன்று. அந்தப் பேச்சாளர் அடுத்த வாரம் செம்பியன் மாதேவி பற்றிப் பேசப்போகிறாராம். தலைப்பு, 'சோழர் குலத்தின் பேரரசி'. பேசட்டும், பேச வேண்டிய பெண்மணிதான். ஆனால் அவர் மழவர் வீட்டில் பிறந்து இங்கே மருமகளாக வந்தவர். வாழ வந்தவர் சோழர் குலம், பிறந்த மகளின் பிள்ளை ஆந்திரக்காரன் என்றால் கணக்கு எப்படி என்று கேட்கலாமென்று பார்த்தேன். அதற்குள் என்னை அந்தக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். உள்ளே இருக்கிறவர்கள் யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.