பட்டியல் எங்கே?

மராண்ட்ஸ் 2270 என்ற பழைய ஸ்டீரியோ ரிசீவரை (ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்த செட்) 'ஃபுல்லி ரெஸ்டோர்டு', அதாவது முழுக்கப் புதுப்பித்தது என்று ஒருவர் வீடியோ போட்டு விற்ற பஞ்சாயத்து ஓய்ந்துவிட்டது என்று பார்த்தால், இன்னமும் இன்பாக்ஸில் "ஏன் சார் ஒரு நல்ல டீலைக் கெடுத்தீங்க?" என்று வருகிறார்கள். கெடுத்தது யார்? வாங்க வந்தவர் கேட்டது ஒரே கேள்வி: "உள்ளே போர்டு போட்டோ கிடைக்குமா?" அதற்கு விற்றவர் சொன்ன பதிலை எல்லோரும் படித்தீர்கள்: "பாட்டு கேக்க வாங்குறீங்களா, போஸ்ட்மார்ட்டம் பண்ணவா?" கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜிகள். வாங்க வந்தவருக்காக நான் பேசியதும் எனக்கு 'மல்டிமீட்டர் மாமா' என்று பட்டம். ரொம்ப நன்றி.

நான் கேட்டது பட்டியல். 'ஃபுல்லி ரெஸ்டோர்டு' என்று போட்டு இரட்டை விலை கேட்டால் பட்டியல் வேண்டும். எந்தெந்த போர்டில் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும், உள்ளே திரவம் உள்ள உருளைகள்) மாற்றினீர்கள், என்ன பிராண்டு, 105 டிகிரி சூடு தாங்கும் ரகமா? எந்த டிரான்சிஸ்டர் போய் எது வந்தது? ஸ்பீக்கரைக் காக்கும் ஸ்விட்சான ரிலே புதியதா? பயாஸ் (பாட்டு இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டரில் ஓடும் மின்சாரம்) எத்தனை மில்லிவோல்ட், டிசி ஆஃப்செட் (ஸ்பீக்கர் பக்கம் வரக்கூடாத டிசி) எத்தனை? உண்மையாக வேலை செய்தவரிடம் இதெல்லாம் ஒரு துண்டுச் சீட்டிலாவது இருக்கும். அந்த வீடியோவில் இருந்தது என்ன? பாலிஷ் போட்ட மரப்பெட்டி, பளிச்சென்ற நீல எல்இடி, ப்ளூடூத்தில் ஒரு பாட்டு.

70 வாட் செட், 1970-களின் முதல் பாதியில் வந்தது. அதற்குள் இருக்கும் எலக்ட்ரோலைட்டிக்கின் வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. உள்ளே இருக்கும் திரவம் காய்ந்தால் மதிப்பு குறையும், உள்தடை ஏறும். ஹம் வரும், பாஸ் மெலியும், ஒரு பக்கம் மங்கும். வெளியில் துடைத்தால் இது சரியாகிவிடுமா?

"ஒரிஜினல் பார்ட்ஸ் மாத்தினா ஒரிஜினல் டோன் போயிடும்" என்று ஒருவர். ஐயா, காய்ந்த கெப்பாசிட்டரின் டோன்தான் நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது. பவர் சப்ளையில் உள்ள பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் சில நேரம் இன்னும் நன்றாகவே அளவு காட்டும், அவற்றை விட்டுவைக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். மற்றவற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது. அந்தக் கால சன்சூயி செட்களில் கெப்பாசிட்டரை ஒட்டியிருக்கும் பழுப்புப் பசை இன்னொரு தலைவலி. காலப்போக்கில் அது மின்சாரத்தைக் கடத்த ஆரம்பிக்கும், பக்கத்தில் இருக்கும் கம்பிக் கால்களை அரித்துவிடும். சுரண்டி எடுத்தே ஆக வேண்டும். பயனியரில் வரும் 2எஸ்ஏ726 டிரான்சிஸ்டர் கரகரப்புக்குப் பேர்போனது, கேஎஸ்ஏ992 போடலாம். பயனியர் எஸ்எக்ஸ்-780 என்றால் ஸ்பீக்கரை ஓட்டும் எஸ்டிகே-0050 மாட்யூலை முதலில் பாருங்கள். சந்தையில் போலி எஸ்டிகே நிறைய. மேலே எழுத்து அழகாக இருக்கும், வால்யூமை ஏற்றினால் செத்துவிடும். இதெல்லாம் மூடியைத் திறந்தால்தான் தெரியும். போஸ்ட்மார்ட்டமாம்!

நேரில் போகிறவர்கள் மீட்டரை மறக்காதீர்கள். ஸ்பீக்கரைக் கழற்றி, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, ஆன் செய்யுங்கள். ரிலே உள்ள செட்டில் சில நொடி கழித்து 'டிக்' சத்தம் கேட்க வேண்டும். கேட்கவே இல்லை என்றால் பெரும்பாலும் அவுட்புட்டில் டிசி இருக்கிறது. கால் மணி நேரம் சூடேற விட்டு ஸ்பீக்கர் டெர்மினலில் டிசி மில்லிவோல்ட் அளந்தால் 20-க்குள் இருப்பது நல்லது, 50 தாண்டினால் கேள்வி கேளுங்கள். அவுட்புட்டில் கெப்பாசிட்டர் வைத்த பழைய டிசைன் என்றால் எப்போதும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் காட்டும், அதை நம்பி ஏமாறாதீர்கள். பயாஸ் டிரிம்பாட் (பயாஸைத் திருகிச் சரிசெய்யும் சின்ன கன்ட்ரோல்) பழசாகவே இருக்கிறதா என்றும் பாருங்கள். பல டிசைன்களில் அதன் நடுக்கால் தொடர்பு விட்டால் பயாஸ் உச்சத்துக்குப் போய் அவுட்புட் டிரான்சிஸ்டரே எரியும். நாற்பது ரூபாய் சாமானால் போகிற உயிர்.

அடுத்து, "110 வோல்ட்தான் சார், ஒரு கன்வர்ட்டர் போதும்" என்கிறவர்கள். ஹேர் டிரையருக்கு விற்கும் சின்ன எலக்ட்ரானிக் கன்வர்ட்டரில் ரிசீவரை மாட்டவே கூடாது, அது மின்சார அலையை வெட்டித் தரும். செம்புக் கம்பி சுற்றிய ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர், குறைந்தது 500 விஏ வேண்டும். ஜப்பான் உள்நாட்டு மாடல் என்றால் அது 100 வோல்ட், 110 கொடுத்தால் பத்து சதவீதம் கூடுதல். அதோடு அதன் எஃப்எம் பேண்ட் 76-இலிருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். சென்னை ரெயின்போ எஃப்எம் 101.4. முள்ளை எந்தப் பக்கம் திருப்பினாலும் கிடைக்காது. விற்கும்போது இதை யாராவது சொல்கிறார்களா? அமெரிக்க மாடலில் ஸ்டேஷன் கிடைக்கும், ஆனால் டீ-எம்ஃபசிஸ் (எஃப்எம்மில் ட்ரெபிளைக் குறைத்துச் சமன்செய்யும் அளவு) 75 மைக்ரோசெகண்ட், நமக்கு வேண்டியது 50. எஃப்எம்மில் ட்ரெபிள் மங்கும். உடனே இதற்கும் "வார்ம் சவுண்ட்" என்று பெயர் வைப்பீர்கள், தெரியும்.

"நீ போட்டிக்கு விக்கிறவன், பொறாமை" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். நான் எதையும் விற்பதில்லை. அந்த வார்த்தை உறுத்தியது என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

வாங்கிவிட்டவர்களுக்குச் சில வார்த்தை. வால்யூம் கரகரத்தால் டபிள்யூடி-40 அடிக்காதீர்கள். எண்ணெய் தங்கித் தூசியைப் பிடிக்கும். டிஆக்சிட் மாதிரியான கான்டாக்ட் கிளீனரை வால்யூம் கன்ட்ரோலுக்குள் ஒரு சொட்டு விட்டு, முப்பது நாற்பது தடவை முன்னும் பின்னும் திருப்புங்கள். ஒரு பக்கம் சத்தம் விட்டுவிட்டு வந்தால், பின்னால் ப்ரீ-அவுட், மெயின்-இன் சாக்கெட்டுகளை இணைக்கும் ஜம்பரைக் கழற்றித் துடையுங்கள். இரண்டு பக்கமும் ஊமை என்றால் டேப் மானிட்டர் பட்டன் அமுங்கி இருக்கிறதா பாருங்கள், பாதி 'ரிப்பேர்' அதுதான். ரிலே கான்டாக்டை உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம், முலாம் போய்விடும். புது ரிலேவே போடுங்கள். எஃப்எம் பகுதியில் உள்ள காயில் திருகுகளைத் தொடவே தொடாதீர்கள், சிக்னல் ஜெனரேட்டர் இல்லாமல் திரும்ப வராது. செட்டின் தலையில் செட்-டாப் பாக்ஸை ஏற்றாதீர்கள், சூடு மேலேதான் போக வேண்டும். நாலு ஓம் ஸ்பீக்கர் இரண்டு ஜோடியை ஏ, பி இரண்டிலும் போட்டு ஒன்றாக ஓட்டினால் பல செட்களில் லோடு இரண்டு ஓம் ஆகிவிடும், அதோடு அவுட்புட் காலி. பல வருஷம் தூங்கிய செட்டை நேராக பிளக்கில் சொருகாமல், 100 வாட் குண்டு பல்பை சீரீஸில் போட்டு ஆன் செய்யுங்கள். பளிச்சென்று எரிந்து மங்கினால் பரவாயில்லை, மங்காமல் எரிந்தால் உடனே அணையுங்கள், உள்ளே ஷார்ட்.

"இவ்வளவு பார்த்து வேலை செய்ற மெக்கானிக் எங்க சார் இருக்காங்க?" என்று கேட்கிறீர்கள். இருந்தார்கள். நாம்தான் விரட்டினோம். போர்டு போர்டாக மாற்றி, ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஓட்டிப் பார்த்து, அளவுகளைச் சீட்டில் எழுதித் தருகிறவரிடம் போய் "கெப்பாசிட்டர் அஞ்சு ரூபாதானே அண்ணே, எதுக்கு இவ்ளோ கூலி?" என்று கேட்டவர்களே இன்று பளபளக்கும் வீடியோவைப் பார்த்து அட்வான்ஸ் அனுப்புகிறார்கள். அந்த அஞ்சு ரூபாய் கெப்பாசிட்டரைத் தொட, டயல் நூலைக் கலைக்காமல் முகப்பைக் கழற்றி, ஒவ்வொரு வயரும் எங்கிருந்தது என்று குறித்துக்கொண்டு போர்டை வெளியே எடுப்பதற்கே அரை நாள் போய்விடும்.