இருட்டில் குறைந்த புகை

2023ஆம் ஆண்டு பெரும்பாலான நாட்களில் தென்னாப்பிரிக்காவில் நாம் மணிக்கணக்காக மின்சாரம் இல்லாமல் இருந்தோம். அனல்மின் நிலையங்கள் பழுதாகி நின்றதால் நிலக்கரி எரிவது குறைந்தது. நிலக்கரி எரியாததால் புகையும் குறைந்தது. இந்தக் குறைவைத் தென்னாப்பிரிக்கா தன் உமிழ்வு இலக்கை, அதாவது புவியைச் சூடாக்கும் வாயுக்களைக் குறைக்கும் இலக்கை, நெருங்குகிறது என்பதற்குச் சான்றாகக் காட்டுவது, பட்டினியால் இளைத்தவனைப் பத்தியம் இருந்து மெலிந்தவன் என்று பாராட்டுவதற்கு ஒப்பானது.

நம் இலக்குகளில் இந்தக் குழப்பம் புதிதல்ல. 2009இல் கோப்பன்ஹேகன் காலநிலை மாநாட்டை ஒட்டி, உமிழ்வை 2020க்குள் 34 விழுக்காடும் 2025க்குள் 42 விழுக்காடும் குறைப்போம் என்று அன்றைய குடியரசுத் தலைவர் ஜூமா அறிவித்தார். வெளிநாட்டு நிதியும் தொழில்நுட்பமும் கிடைத்தால் என்ற நிபந்தனை ஒருபுறம் இருக்கட்டும். எதிலிருந்து 34 விழுக்காடு? எந்த நடவடிக்கையும் எடுக்காவிட்டால் உமிழ்வு எவ்வளவு உயரும் என்று ஊகித்து வரைந்த ஒரு கோட்டிலிருந்து. அந்தக் கோட்டை உயர்த்தி வரைந்தால் எவரும் வெற்றி பெறலாம்.

பின்னர் டன் கணக்கிலேயே எல்லை வகுத்தது உண்மையான முன்னேற்றம். 2021இல் அரசு முதலில் வெளியிட்ட வரைவில் 2030க்கான ஆண்டு உமிழ்வின் அளவு 398 முதல் 440 மில்லியன் டன் வரை இருந்தது. காலநிலை ஆணையத்தின் பரிந்துரைக்குப் பிறகு அது 350 முதல் 420 வரை என்று இறங்கியது. ஆனால் இரு முனைகளுக்கும் நடுவே 70 மில்லியன் டன் இடைவெளி இருக்கிறது. எந்த முனையை நோக்கி நடக்கிறோம் என்று எவரும் நம்மிடம் சொல்லவில்லை.

இலக்கு நடைமுறைக்கு ஏற்றதா என்பதை அறிய நான் எண்ணைப் பார்ப்பதில்லை. மின்நிலையங்களின் பெயர்ப் பட்டியலைத்தான் பார்க்கிறேன். ம்புமலங்கா மாகாணத்தில் கொமாட்டி அனல்மின் நிலையம் 2022 அக்டோபரில் மூடப்பட்டது. அரசு மின் நிறுவனமான எஸ்காமின் நிரந்தர ஊழியர்களுக்கு வேறிடங்களில் வேலை கிடைத்தது, ஒப்பந்தத் தொழிலாளர்களோ தெருவில் நின்றார்கள். அதைக் கண்ட பிறகு, அடுத்து மூட வேண்டிய கேம்டன், குரூட்ஃப்ளே, ஹென்ட்ரினா ஆகிய மூன்றின் ஆயுளும் 2030 வரை நீட்டிக்கப்பட்டது. இத்தனை மின்வெட்டை அனுபவித்த பின் அந்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நீட்டிப்பால் கூடும் டன்களை வேறெங்கே குறைப்போம் என்பதையும் அதே நாளில் சொல்லியிருக்க வேண்டும்.

பதிலுக்கு வர வேண்டிய மின்சாரத்தின் கதை இன்னும் மோசம். புதிய காற்றாலை, சூரிய மின் திட்டங்களைத் தேர்ந்தெடுக்க 2022 இறுதியில் நடந்த அரசு ஏலத்தில், கேப் மாகாணங்களின் மின்கடத்துக் கம்பிகளில் இடமில்லை என்பதால் ஒரு காற்றாலைத் திட்டம்கூடத் தேர்வாகவில்லை. காற்று இருக்கிறது, முதலீட்டாளர் இருக்கிறார், மின்சாரத்தை எடுத்துச் செல்லத்தான் வழியில்லை. ஆகவே உமிழ்வு இலக்கு என்பது பாதிக்கு மேல் கம்பி இழுக்கும் வேலை. நிலக்கரியிலிருந்து நாம் மாறுவதற்காக 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பணக்கார நாடுகள் தருவதாக உறுதியளித்த 8.5 பில்லியன் டாலரில் பெரும்பகுதி கடன் என்பதையும் மறக்க வேண்டாம். நம் பிள்ளைகள் திருப்பிக் கட்ட வேண்டிய பணம் அது.

“முதலில் விளக்கு எரியட்டும், இலக்கெல்லாம் பிறகு” என்று என் உறவினர்களே சொல்கிறார்கள். 2022 ஏப்ரல் வெள்ளம் டர்பன் அருகே உள்ள எங்கள் டோங்காட்டின் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தை உடைத்த பின் மாதக்கணக்கில் வாளியோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தவர்களும் அவர்கள்தாம். உமிழ்வால் புவி சூடாகச் சூடாக இத்தகைய வெள்ளங்களும் பெருகும்.

அடுத்த இலக்கை அரசு எழுதும்போது, எந்த நிலையம் எந்த ஆண்டு மூடப்படும், அதனால் எத்தனை டன் குறையும், அந்த ஊராருக்கு என்ன வேலை என்று நிலையம் நிலையமாக எழுதட்டும். மின்வெட்டால் குறைந்த டன்களைத் தனி வரியில் காட்டட்டும்.